உணவுக் கோளாறிலிருந்து மீள்பவர்களுக்கு ஓவியச் சிகிச்சை: எங்கே, எப்படித் தொடங்குவது?

ஓவியச் சிகிச்சை என்றதும் பலர் வாயிலிருந்து முதலில் வருவது, "எனக்கு வரையவே வராதே!" சரி, வராவிட்டால் போகட்டும். அது இங்கே ஒரு தடையே இல்லை. பார்க்கப்போனால், நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள். காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது), புலிமியா (கட்டுமீறி உண்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்ப்பது), கட்டுமீறி உண்டுவிட்டுக் குற்றவுணர்வில் தவிக்கும் கோளாறு என்று உணவுக் கோளாறுகள் பலவகை. அவற்றில் ஒன்றுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதலில் உடம்பு, அப்புறம்தான் வண்ணம்

ஓவியம் சாப்பாட்டுக்கு மாற்றாகாது, மருத்துவருக்கும் மாற்றாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், நல்ல உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். அதற்கு முன் அவர்களில் யாருக்கும் உணவுக் கோளாறு கிடையாது. ஆனால் பட்டினி நீள நீள, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள். தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் துளித்துளியாகச் சாப்பிட்டார்கள். எரிச்சலும் மனச்சோர்வும் கூடின, நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். ஆக, 'என் குணமே இப்படித்தான்' என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வெறும் பட்டினியின் வேலையாக இருக்கலாம். பட்டினியில் கிடக்கும் மூளையிடம் உணர்ச்சிகளை ஆராயச் சொன்னால் அதனால் முடியாது. அதற்கு முதலில் சாப்பாடு வேண்டும்.

எனவே மருத்துவர், மனநல நிபுணர், உணவியல் நிபுணர் மூவரும் முன்வரிசையில் இருக்கட்டும். அனோரெக்ஸியா உள்ள வளரிளம் பருவத்தினருக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சை, புலிமியாவுக்கும் கட்டுமீறி உண்ணும் கோளாறுக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) ஆகியவற்றுக்குத்தான் ஆய்வுச் சான்று வலுவாக இருக்கிறது. ஓவியச் சிகிச்சைக்கு இந்தத் துறையில் இருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அது பக்கத்துணை. பக்கத்துணை என்பதால் அற்பம் என்று அர்த்தமில்லை. எதற்குத் துணை என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மயக்கம், நெஞ்சுவலி, இதயம் தாறுமாறாகத் துடிப்பது, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூட உள்ளே நிற்காதது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஓவியம், பயிற்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆள் மெலிந்து தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடிக்கடி வாந்தி எடுப்பவருக்குப் பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமலே ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிப் போகலாம்.

இது என்ன வகைச் சிகிச்சை?

ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938இல் காசநோயோடு சானடோரியத்தில் படுத்திருந்தபோது, நேரம் போக வரையத் தொடங்கினார். அது தன் மனதுக்குத் தெம்பு தருவதைக் கவனித்து, மற்ற நோயாளிகளுக்கும் வரையக் கற்றுக்கொடுத்தார். 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க், ஆழ்மனதில் கிடப்பது படமாக வெளியே வரும், அதை வைத்துப் பேசலாம் என்றார். பின்னால் வந்த ஈடித் கிராமர், செய்யும் செயலே ஆற்றும், எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டியதில்லை என்றார். இன்றும் ஒரு சிகிச்சையாளர் உங்கள் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு நிறையக் கேட்பார். இன்னொருவர் நீங்கள் பூசுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டுமே முறைதான்.

வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கி வீட்டில் உட்கார்ந்து நிரப்புவது நல்ல பொழுதுபோக்கு, பதற்றத்தையும் தணிக்கும். ஆனால் அதை ஓவியச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. சிகிச்சை என்றால் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனில் பதிவு செய்யாதவர் தன்னை 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்று அழைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு முதுநிலைப் படிப்பு வேண்டும். வாரயிறுதிப் பயிலரங்கு ஒன்றுக்குப் போய்வந்துவிட்டுப் பலகை மாட்டுகிறவர்களும் உண்டு என்பதால், என்ன படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உணவுக் கோளாறு உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, என் மருத்துவரோடு பேசுவீர்களா, நான் வரைந்ததை எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் நானாக இருந்தால் போகமாட்டேன்.

உணவுக் கோளாறில் இது ஏன் உதவுகிறது?

"இப்போது மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், உணவுக் கோளாறு உள்ள பலருக்கு வரும் பதில் உடம்பைப் பற்றியதாக இருக்கும். "குண்டாக உணர்கிறேன்." குண்டு என்பது ஓர் உணர்ச்சி இல்லையே. அதற்கு அடியில் கோபமோ, அவமானமோ, தனிமையோ, வெறும் அலுப்போ இருக்கிறது. அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதையே, "சரி, இப்போது இருப்பதற்கு ஒரு நிறம் எடுங்கள், தாளில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பூசிக் காட்டுங்கள்" என்று கேட்டால் கை தயங்காமல் ஒரு நிறத்தை எடுத்துவிடுகிறது. அழுக்குப் பச்சை, பக்கத்தின் முக்கால்வாசி. பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொரு ரகமும் உண்டு. தன் நோயைப் பற்றி மருத்துவரைவிட நன்றாகப் பேசுவார்கள். எல்லாக் கட்டுரையும் படித்திருப்பார்கள், எல்லாச் சொல்லும் தெரியும். அத்தனை பேச்சும் கவசம். படத்தில் அந்தச் சாமர்த்தியம் அவ்வளவு எடுபடாது.

என் கணக்கில் முக்கியமான காரணம் வேறு. சாப்பாட்டில் நோய் போட்டிருக்கும் சட்டங்கள் தாளிலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கோடு கோணக் கூடாது. விளிம்பைத் தாண்டக் கூடாது. பிசகினால் முழுத் தாளையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே 'நல்ல நாள்'. நன்றாக வரையத் தெரிந்தவர்கள் திணறுவது இதனால்தான். அவர்களிடம் இந்தச் சட்டங்கள் இன்னும் நீளம். தட்டின் முன் அந்தச் சட்டத்தை மீறுவது மலைபோலத் தெரியும். தாளில் மீறினால் போவது ஒரு தாள். அங்கே பழகிக்கொள்ளலாம்.

பொருள்களைத் தேர்ந்தெடுப்பது

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் எந்தப் பொருள் கையில் இருக்கிறதோ அதற்கேற்ப மனநிலையும் மாறுகிறது.

பென்சில், ஸ்கெட்ச் பேனா, ஸ்கேல் எல்லாம் சொன்னபடி கேட்கும். பதற்றம் உச்சத்தில் இருக்கும் நாளுக்கு அவை ஆறுதல். ஆனால் கட்டுப்பாடே நோயாக இருப்பவருக்கு அதே பென்சில் இன்னொரு கட்டுப்பாடாகிவிடும். வாட்டர் கலர் நேர் எதிர். தண்ணீர் போகிற இடத்துக்குத்தான் போகும், இரண்டு நிறங்கள் கேட்காமலே கலந்துவிடும். முதல் நாளே அதை எடுத்தால் சிலருக்கு மூச்சு முட்டும். நடுவில் இருப்பவை கிரேயானும் ஆயில் பேஸ்டலும். அழுத்தினால் அடர்த்தி, விட்டால் மெலிசு, விரலால் தேய்த்தால் பரவும். அங்கிருந்து தொடங்குங்கள். வாட்டர் கலர் சில வாரம் கழித்து வரட்டும்.

களிமண் தனி ரகம். அது உடம்போடு நேராகப் பேசும். பிசைவது, அடிப்பது, குத்துவது என்று கோபத்துக்கு அதைப்போல எதுவும் இல்லை. ஆனால் கையில் ஒட்டும் ஈரமும் பிசுபிசுப்பும் சிலருக்கு அருவருப்பைக் கிளப்பும். முதலில் கட்டைவிரல் அளவு உருண்டை போதும், பக்கத்தில் கை துடைக்க ஒரு துணி.

ரப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், செய்து பாருங்கள். தானியம், பருப்பு போன்ற உண்ணும் பொருளை ஒட்டிப் படம் செய்வது குழந்தைகளுக்குச் சரி, இங்கே வேண்டாம். தாள் உள்ளங்கை இரண்டின் அளவு இருக்கட்டும். பெரிய வெள்ளைத் தாள் பயமுறுத்தும்.

எப்போது வரைவது?

சாப்பிட்டு முடித்த பிறகு வரும் அரைமணி நேரம் பலருக்கு மிகக் கடினமானது. வயிற்றில் இருப்பதைப் பற்றிய எண்ணம் ஓயாது, கை சும்மா இருக்காது. அந்த நேரத்துக்கு இது பொருத்தம். பதினைந்து, இருபது நிமிடம் போதும். தாளையும் வண்ணத்தையும் சாப்பிட உட்காரும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், அப்புறம் தேட வேண்டியிருக்காது.

சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் ஜாக்கிரதை. தட்டு ஆறிக்கொண்டிருக்கும், "இந்த மூலையை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன்" என்று குரல் வரும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு மூலை. நோய் எதையும் சாக்காக்கிக்கொள்ளும், ஓவியத்தையும் சேர்த்து. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் படத்தின் அழகைப் பார்த்து மயங்கிவிடாமல், சாப்பாட்டு மேசைக்கு அழைத்து வருவதுதான் உதவி.

நான்கு பயிற்சிகள்

கிறுக்கல். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாக எழுதாத கையால், ஒரு நிமிடம் தாளில் சுற்றிச் சுற்றி இழுங்கள். கண் திறந்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஏதாவது உருவம் தெரிந்தால் அதற்கு நிறம் கொடுங்கள். தெரியாவிட்டால் பிடித்த ஓர் இடத்தை மட்டும் நிரப்புங்கள். நாம்பர்க்கின் சகோதரி ஃப்ளோரன்ஸ் கேன் என்ற ஓவிய ஆசிரியர் இந்தக் கிறுக்கல் முறையை வளர்த்தெடுத்தார். எழுதாத கையால் செய்வதில் ஒரு லாபம்: அழகாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே எழாது.

நிறக்கட்டம். ஒரு பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். தினமும் ஒரு கட்டத்துக்கு அன்றைய மனநிலையின் நிறம். முகமும் வேண்டாம், வார்த்தையும் வேண்டாம். சிகிச்சையாளரிடம் போகும்போது எடுத்துப் போனால், "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு அந்தப் பக்கமே பாதிப் பதில். சாப்பிட்ட அளவு, எடை என்று எந்த எண்ணும் அதில் ஏறக் கூடாது.

குரலுக்கு உருவம். 'சாப்பிடாதே', 'போதும்', 'உனக்குத் தகுதியில்லை' என்று உள்ளே பேசும் குரல் உங்களுடையது மாதிரியே ஒலிக்கும். அதை ஓர் ஆளாகவோ, பிராணியாகவோ, வெறும் வடிவமாகவோ வரைந்து தாளில் உட்கார வையுங்கள். ஆள் வேறு, பிரச்சினை வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்த அணுகுமுறைக்கு வித்திட்டவர்கள் கதைவழிச் சிகிச்சையை உருவாக்கிய மைக்கேல் வைட்டும் டேவிட் எப்ஸ்டனும். எவ்வளவு பெரிது, எங்கே நிற்கிறது, நீங்கள் அதே தாளில் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு அதற்கு ஒரு பதில் எழுதுங்கள், ஒரு வரி போதும். சில வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். சிலருக்கு அந்த உருவம் பயமாக இருக்கும், சிலருக்குப் பழைய தோழியைப்போல ஆறுதலாகவும் இருக்கும். இரண்டாவதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம், அது மிகச் சாதாரணம். ஆனால் எது வந்தாலும் அந்தப் படத்தோடு தனியாக உட்கார்ந்திருக்காமல் சிகிச்சையாளரிடம் கொண்டுபோங்கள்.

வேண்டுமென்றே கெடுப்பது. மேலே சொன்ன சட்டங்களுக்கான பயிற்சி இது. முதலில் வரையும்போது உள்ளே ஓடும் சட்டங்களை ஓரத்தில் எழுதுங்கள்: 'ஓரம் வரை பூசக் கூடாது', 'ஒரே அளவில் இருக்க வேண்டும்'. அவற்றில் மிகச் சிறியதை எடுத்து மீறுங்கள். முடித்து வைத்த வாட்டர் கலர் படத்தின் மேல் தூரிகையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் நிறம் கரைந்து, ஓரத்தில் கறுத்த வளையம் கட்டும். அந்த நேரம் கை டிஷ்யூவைத் தேடும், துடைத்துவிடத் துடிக்கும். துடைக்காதீர்கள். தாடை இறுகுகிறதா, தோள் ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். சில நிமிடத்தில் அந்த இறுக்கம் தானாக இறங்கத் தொடங்கும். படம் கெட்டது கெட்டதுதான், ஆனால் உங்களுக்கு எதுவும் ஆகவில்லை. அடுத்த முறை கொஞ்சம் பெரிய சட்டம். ஒரு படத்தைக் கிழித்து, துண்டுகளை வேறு மாதிரி ஒட்டிப் பார்க்கலாம். பயந்த உணவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் சொல்லும் சிகிச்சையின் தர்க்கமும் இதேதான். அதனால் தாளில் நடந்ததை உங்கள் உணவியல் நிபுணரிடமும் சொல்லுங்கள். எந்தச் சட்டத்தைத் தட்டில் தொடலாம் என்று அவர் பார்த்துக்கொள்வார்.

தனியாகச் செய்யக் கூடாதவை

ஆளுயரத் தாளில், உங்கள் உடம்பு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அப்படி ஒரு கோட்டுருவம். பிறகு அதன் மேல் நீங்கள் படுத்துக்கொள்ள, உங்கள் உடம்பைச் சுற்றி இன்னொருவர் உண்மையான கோட்டை வரைவார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துப் பேசுவது சில சிகிச்சை மையங்களில் நடக்கும் பயிற்சி. இணையத்தில் இதைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சரியான நேரத்தில், சரியான ஆளோடு செய்தால்தான் அது உதவும். இல்லாவிட்டால் தன் உடம்பை அங்குலம் அங்குலமாக அளக்க நோய்க்கு இன்னொரு வழி கிடைத்ததாக முடியும்.

கண்ணாடி பார்த்துத் தன் உருவம் வரைவது, அழகு இதழ்களிலிருந்து உடல்களை வெட்டி ஒட்டுவது, 'முன்பு, பின்பு' என்று இரண்டு உடல்களை வரைவது ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை. வரைந்ததைச் சமூக ஊடகத்தில் போடுவதையும் கொஞ்ச காலத்துக்குத் தள்ளி வையுங்கள். லைக் எண்ணிக்கையும் எண்தானே.

படத்தைப் பார்ப்பது

கறுப்பு என்றால் சோகம், மூலையில் சின்னதாக வரைந்தால் தாழ்வு மனப்பான்மை என்று அகராதி வைத்துக்கொண்டு படிக்க முடியாது. கறுப்பு கிரேயான் மட்டும் கூராக இருந்ததால்கூட எடுத்திருக்கலாம். நல்ல சிகிச்சையாளர் அர்த்தம் சொல்லமாட்டார், கேட்பார். நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ளலாம்: கை எந்த இடத்தில் தயங்கியது? எங்கே வேகம் எடுத்தது? இதற்குத் தலைப்பு வைத்தால் என்ன? இன்னும் ஒரே ஒரு பொருள் சேர்க்கலாம் என்றால் எது? பதில் வராவிட்டால் தேதி போட்டு மூடி வைத்துவிடுங்கள். மாதம் கழித்துப் பார்க்கும்போது சில படங்கள் பேசும், சில பேசாது.

அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் கலைப்பொருள் செய்ததும், சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மனஅழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசோல் ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் இருந்ததா இல்லையா என்பதால் அதில் வேறுபாடு வரவில்லை. அவர்கள் ஆரோக்கியமான பெரியவர்கள். உணவுக் கோளாறுக்கான சிகிச்சை முடிவாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் "எனக்கு வரைய வராது" என்பவருக்குச் சொல்ல இது போதும்.

வரைந்து முடித்ததும் மனம் கலங்கிப் போயிருந்தால், படத்தைக் கவிழ்த்து வைத்து, தரையில் இரண்டு பாதமும் பதிய நில்லுங்கள். குளிர்ந்த நீரில் கை கழுவுங்கள், யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். கலக்கம் அன்று முழுக்க இறங்காவிட்டால் சிகிச்சையாளருக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"எவ்வளவு அழகா இருக்கு!" என்று சொல்லத்தான் வாய் வரும். அன்பான பேச்சுதான், ஆனால் அந்த நொடியில் அது மதிப்பெண் ஆகிவிடுகிறது. அடுத்த படம் இதைவிட அழகாக இருக்க வேண்டும். "இது என்ன?" என்பதும் அப்படித்தான், பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி. "இந்த நீலம் நிறைய இடம் எடுத்திருக்கே" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பேச வேண்டும் என்றால் அவர்களே பேசுவார்கள். நோட்டை அவர்கள் இல்லாதபோது புரட்டக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால், நேரடியாகக் கேளுங்கள், மருத்துவரை அழையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஏதாவது கிறுக்கலாம், அதுவும் மோசமாக. அது பெரிய உதவி.

பழைய படங்களும் விட்டுப்போன நாள்களும்

எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும் என்பதில்லை. சிலர் ஓர் உறையில் போட்டுச் சிகிச்சையாளரிடமே விட்டு வைப்பார்கள். வீட்டில் கண்ணில் படாமல் இருப்பது அவர்களுக்கு நிம்மதி. சிலர் குறிப்பிட்ட படத்தைக் கிழித்துப் போட விரும்புவார்கள். கிழிக்கலாம்; ஆனால் கோபம் தலைக்கேறிய நேரத்தில் செய்யாமல், அடுத்த சந்திப்பில் பேசிவிட்டுச் செய்யுங்கள். 'சரியாக வரவில்லை' என்பதற்காக மட்டும் கிழிக்கத் தோன்றினால், அந்தப் படத்தைத்தான் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தினமும் வரைய வேண்டும் என்பதே ஒரு சட்டமாக மாறுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் குற்றவுணர்வு, அடுத்த நாள் இரண்டு மடங்கு. விட்டுப்போன கட்டங்களை ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள், நோட்டில் வெள்ளையாகவே இருக்கட்டும். அடுத்து எந்த நாள் கை வருகிறதோ அந்த நாளின் கட்டத்தில் நிறம் பூசினால் போதும்.